சக்கரத்துக்குள் புகுந்த மோட்டார்

மண் அள்ளும் வண்டிகளுக்கு மின்சாரம் வந்தது புகையைக் குறைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வந்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. அன்றைக்குப் புகையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பாரத்தை அசைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராபர்ட் கில்மோர் லெட்டூர்னோ 1888இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். பதினான்கு வயதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு இரும்பு வார்ப்புப் பட்டறையில் சேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியாவின் மேர் ஐலண்டு கப்பல் தளத்தில் மின் எந்திர வேலையும் வெல்டிங்கும் கைவந்தன. போர் முடிந்து ஸ்டாக்டனுக்குத் திரும்பியபோது, அவர் பங்குதாரராக இருந்த கராஜ் நொடித்துப் போயிருந்தது. கடனை அடைக்க ஒரு டிராக்டரைப் பழுது பார்த்துக் கொடுத்தார். அதே டிராக்டரை ஓட்டி 40 ஏக்கர் நிலத்தைச் சமன்படுத்தும் வேலையும் கிடைத்தது. மண் வேலை அவரைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும், மண்ணைச் சுரண்டி அள்ளும் ஸ்கிரேப்பரின் கத்தியை ஏற்றி இறக்க இன்னொரு ஆள் வேண்டும். கப்பல் தளத்தில் கற்றது லெட்டூர்னோவுக்கு இங்கே உதவியது. டிராக்டரில் ஒரு ஜெனரேட்டர், ஸ்கிரேப்பரில் மோட்டார்கள். டிரைவரே எல்லாவற்றையும் இயக்கினார். அடுத்து, 1920களின் தொடக்கத்திலேயே மின் மோட்டார்களால் தானே நகரும் ஸ்கிரேப்பர் ஒன்றையும் செய்தார். அது ஆமை வேகத்தில்தான் போயிற்று. பின்னாளில் அவருக்குப் பெயரும் பணமும் தந்தவை எஃகுக் கயிற்றால் இயங்கிய ஸ்கிரேப்பர்களும் ரப்பர் டயர் போட்ட ‘டூர்னபுல்’ வண்டிகளும்தான். ஆனால் மின்சாரத்தை அவர் மறக்கவில்லை.

டீசல் இன்ஜின் நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்காது. முதலில் அது ஓரளவு வேகத்தில் சுழல வேண்டும். அதனால்தான் கிளட்ச், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று அத்தனை இரும்பு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வண்டி பெரிதானால் இவை எல்லாமே பெரிதாக வேண்டும். ஒரு பல் உடைந்தாலும் வேலை நிற்கும். மின் மோட்டாரோ நின்ற இடத்திலேயே முழு இழுவிசையைக் கொடுக்கும். இன்ஜினை ஜெனரேட்டரோடு இணைத்து, சக்கரம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மோட்டாரை வைத்துவிட்டால் இடையில் கம்பி மட்டும் போதும். நெய்வேலிச் சுரங்கத்தின் ராட்சத வாளிச் சக்கர எந்திரங்கள் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் இயங்குகின்றன. மெல்ல நகரும் எந்திரத்துக்கு அது சரி. காடு மேடெல்லாம் ஓடும் வண்டி கேபிளை இழுத்துக்கொண்டு அலைய முடியாது. தன் மின்சாரத்தைத் தானே சுமக்க வேண்டும்.

1953இல் லெட்டூர்னோ தன் மண் அள்ளும் எந்திரத் தொழிலை வெஸ்டிங்ஹவுஸ் ஏர்பிரேக் நிறுவனத்துக்கு விற்றார். ஐந்து வருடம் அதே தொழிலில் போட்டிக்கு வரக் கூடாது என்பது ஒப்பந்தம். வேறொருவராக இருந்தால் ஓய்வெடுத்திருப்பார். அவர் அந்த வருடங்களை மின்சக்கரத்தைச் செப்பனிடச் செலவிட்டார். 1958இல், எழுபதை நெருங்கும் வயதில், அதோடு திரும்பி வந்தார். அமெரிக்க ராணுவத்துக்காக அவர் கட்டிய தரைவழி ரயில் அரிசோனாவின் யூமாவில் 1962இல் சோதிக்கப்பட்டது. தண்டவாளம் கிடையாது. நான்கு கேஸ் டர்பைன்கள், 54 சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார். பெரிய சரக்கு ஹெலிகாப்டர்கள் வந்ததும் ராணுவத்துக்கு அது தேவைப்படாமல் போயிற்று. ஆனால் மின்சக்கரம் சுரங்கங்களுக்குத் தேவைப்பட்டது. 1963இல் யூனிட் ரிக் நிறுவனம் 85 டன் சுமக்கும் டீசல்-எலக்ட்ரிக் டம்பரைக் கொண்டுவந்தது. பெரிய சுரங்க டம்பர்கள் பலவற்றில் இன்றும் இதே ஏற்பாடுதான்.

இதில் ஒரு வீண்செலவு ஒளிந்திருந்தது. லோடோடு இறக்கத்தில் வரும் டம்பரைப் பிடித்து நிறுத்த, சக்கர மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றுவார்கள். அப்படிக் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வழியில்லை. ரெசிஸ்டர்களில் விட்டு, சூடாக்கி, மின்விசிறி வைத்துக் காற்றில் ஊதித் தள்ளினார்கள். பல பத்தாண்டுகள் இப்படியே போயிற்று. மலையளவு மண்ணை மேலிருந்து கீழே கொண்டுவரும்போது கிடைத்த சக்தி முழுவதும் வெறும் வெப்பமாகப் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நம்மூரில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ‘ஹிட்டாச்சி’ என்று சொல்லும் எக்ஸ்கவேட்டரிலும் இதே கதைதான். பக்கெட்டை நிரப்பி, உடம்பைத் திருப்பி, டிப்பருக்கு மேல் நிறுத்திக் கொட்டி, மறுபடி குழிக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பல டன் எடையைச் சுழற்றி உடனே நிறுத்த வேண்டும். அந்த வேகமெல்லாம் ஹைட்ராலிக் எண்ணெயில் சூடாகிக் கரையும். ஜப்பானின் கோமட்சு 2008இல் விற்பனைக்கு விட்ட ஹைபிரிட் எக்ஸ்கவேட்டர் இதில்தான் கைவைத்தது. உடம்பைத் திருப்ப மின் மோட்டார். நிற்கும்போது அதுவே மின்சாரம் எடுத்துக் கெபாசிட்டரில் போடும். சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்துபோகும் சக்தியை வாங்கிக் கொடுக்கப் பேட்டரியைவிடக் கெபாசிட்டர்தான் தோது. சேர்த்தது இன்ஜினுக்குக் கைகொடுக்கும். டீசல் சராசரியாக 25 சதவீதம் மிச்சமாகும் என்றது கோமட்சு.

இன்ஜினையே கழற்றி எறிந்தது சுவிட்சர்லாந்தில். பீல் நகருக்கு அருகே ஒரு சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் மலைமேல் இருந்து வருகிறது. கோமட்சு டம்பர் ஒன்றில் பேட்டரியை ஏற்றினார்கள். காலியாக 45 டன் எடையில் மேலே ஏறுகிறது. 65 டன் கல்லோடு இறங்குகிறது. ஏறச் செலவாவதில் பெரும்பங்கை இறக்கம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

எக்ஸ்கவேட்டருக்கு இறக்கம் ஏது? அது ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்கத் தோண்ட வேண்டும், சார்ஜும் போட வேண்டும். பல சைட்டுகளில் ஒரு பல்பு எரியக்கூட லைன் வந்திருக்காது. 2019இல் ஆஸ்லோ மாநகராட்சியால், ஓலாவ் டென் ஃபெம்டெஸ் காத்தா என்ற தெருவை மின் எந்திரங்களைக் கொண்டு பாதசாரிகளுக்காகத் திருத்தி அமைக்கத் தொடங்க முடிந்தது. அது நகரின் நடுவே இருக்கும் தெரு. மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதே வருடம் வோல்வோ தன் சிறிய எக்ஸ்கவேட்டர்களிலும் வீல் லோடர்களிலும் புதிதாக டீசல் மாடல் உருவாக்குவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பெரியவற்றைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை.