2048 ஆம் இருக்கை

'நல்ல சமாரியன்' கதையைக் கேட்டறிந்தோர் உலகெங்கும் கோடிக் கணக்கில் உண்டு. அந்தச் சமாரியன் இன்றும் வாழ்கிறான், தன் முன்னோர் எழுதிய எழுத்திலேயே தன் மறையை எழுதுகிறான் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? நாபுலுசை அடுத்த கெரிசீம் மலையிலும், டெல் அவிவ் அருகேயுள்ள ஓலோனிலுமாக இன்று சமாரியர் எண்ணூற்றுச் சொச்சம் பேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருநூறுக்கும் கீழே இறங்கிவிட்ட இனம் அது.

பண்டை எபிரேயர் எழுதியது, பீனிசியரின் எழுத்தோடு உடன்பிறந்த பழைய எழுத்து. பாபிலோனியச் சிறைவாசத்துக்குப் பின் யூதர்கள், அரமேய வழிவந்த சதுர எழுத்துக்குப் படிப்படியாக மாறினர். பழையது நாணயங்களில் தலைகாட்டியது. 132 முதல் 135 வரை உரோமரை எதிர்த்த பார் கோக்பாவின் காசுகளிலும் அதைக் காண்கிறோம். பின்னர் அதுவும் ஓய்ந்தது. ஓயாதவர் சமாரியர் மட்டுமே.

இதற்கு அவர்கள் பெற்ற பட்டம் என்ன தெரியுமா? பாமரர்! இசுரவேலர் புதிய எழுத்தைத் தேர்ந்துகொண்டனர், பழையதைப் பாமரர்க்கு விட்டுவிட்டனர் என்கிறது தல்மூத்து. யார் அப்பாமரர் என்று கேட்டு, கூத்தா ஊரார் என்று விடையும் கூறுகிறது. சமாரியரை அயலாராக்க வழங்கிய இகழ்பெயர் அது. பாட்டன் எழுத்தைக் கைவிட்டவர் மேலோர். கட்டிக் காத்தவர் பாமரர்! நல்ல தீர்ப்பன்றோ?

1616 இல் பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி தமாசுகசு நகரில் சமாரியரின் ஐந்நூல் படியொன்றை வாங்கிய பிறகே, ஐரோப்பியப் புலவர் உலகம் அதனைக் கையிலெடுத்து ஆராயத் தொடங்கிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என வகுத்தளிப்பது ஒருங்குறி. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே சதுர எபிரேயத்தின் முதலெழுத்துக்கு எண் கிடைத்தது. சமாரியரின் முதலெழுத்தாகிய 'அலாப்' வாயிலில் நின்றது. எபிரேய எண்ணுக்குச் சமாரிய வடிவை முகமூடியாக மாட்டி எழுதலாம், எழுதவும் செய்தனர். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத வேறொரு பொறியில் திறந்தால், முகமூடி கழன்று சதுர எழுத்தே நிற்கும். இரண்டாயிரம் ஆண்டுகளாக எதை ஏற்க மறுத்தார்களோ, அதுவே திரையில்!

தனி எண் எதற்கு, அதே இருபத்திரண்டு எழுத்துகள்தாமே, வடிவந்தானே வேறு என்று கேட்கலாம். பீனிசிய எழுத்துக்கு இடம் கேட்டபோது செமிட்டிய மொழிப் புலவர் சிலர் இப்படித்தான் வாதிட்டனர். அவர்களுடைய கவலை வெறும் வீம்பன்று; ஒரே சொல் இருவேறு எண்களில் கிடந்தால் பழஞ்சுவடிகளைத் தேடி ஒப்பிடுவது கடினம். எனினும் 2006 இல் பீனிசியம் இடம்பெற்றது. அதை நாள்தோறும் எழுதுவோர் எவருமிலர். சமாரியத்துக்கோ உயிரோடு வாசிப்போர் உண்டு, தனக்கே உரிய உயிர்க்குறிகளும் நிறுத்தக் குறிகளும் உண்டு. 1969 முதல் ஓலோனில் ஓர் இதழ் அவ்வெழுத்தையும் அச்சேற்றி வந்தது. மறுக்க என்ன முகாந்தரம்?

மைக்கேல் எவர்சனும் மார்க் சோல்சனும் 2008 இல் முன்மொழிந்தனர். 2009 அக்டோபரில் வந்த 5.2 ஆம் பதிப்பில் 61 இடங்கள் கிடைத்தன: எழுத்துகள் 22, துணைக்குறிகள் 24, நிறுத்தக் குறிகள் 15. அலாப் அமர்ந்த இடம், பதினாறன் அடிமான முறையில் 0800. நாம் எண்ணும் முறையில் 2048.

எண் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எழுத்துரு வேண்டும், விசைப்பலகை வேண்டும், வலமிருந்து இடமாக ஓடும் வரியைச் சிதைக்காத மென்பொருள் வேண்டும். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சமாரியர் தம் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடையே ஒரு புள்ளி வைப்பர். எழுத்து வரிசையை வகுத்தவர்கள் அந்தப் புள்ளியையும் மறக்கவில்லை. அதன் எண் 2E31.