நைட் ஷிப்ட்டும் பசி ஹார்மோனும்: ஒரு சின்ன வரலாறு

1/ ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் நைட் ஷிப்ட் பார்க்கும் நண்பர்களே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். "ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தா பசி அடங்கவே மாட்டேங்குது, வாயைக் கட்ட முடியல"ன்னு உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. அந்தப் பசிக்குப் பின்னால் ஒரு ஹார்மோன் இருக்கிறது. பெயர் கிரெலின்.

2/ பசி எங்கிருந்து வருது? 1912-ல் அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் இதைச் சோதித்தார்கள். குழாயில் கட்டிய பலூனை வாஷ்பர்ன் விழுங்கினார். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் அவருக்குப் பசித்தது. அப்போ இரைப்பை சுருங்குவதுதான் பசியா? ஆனால் ஆபரேஷனில் இரைப்பையையே எடுத்தவர்களுக்கும் பசித்ததே!

3/ 1996-ல், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கும் ஒரு 'பூட்டு' நம் உடலில் இருப்பது தெரிந்தது. ஆனால் அதற்கான சாவி எதுவென்று தெரியவில்லை.

4/ 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அடுத்த வருஷம், 1999-ல், ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இருவர் அந்தச் சாவியைப் பிடித்தார்கள். கிடைத்த இடம் மூளை இல்லை, எலியின் இரைப்பை! 28 அமினோ அமிலங்கள் கொண்ட அதற்கு கிரெலின் என்று பெயர் வைத்தார்கள்.

5/ 2001-ல் இரண்டு ஆய்வுகள். கிரெலினை ரத்தத்தில் ஏற்றியவர்கள் வழக்கத்தைவிட 28% அதிகம் சாப்பிட்டார்கள். இன்னொன்றில், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் கிரெலின் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இறங்கியது.

6/ நமக்கு முக்கியமானது 2004-ல் வந்த சிகாகோ ஆய்வு. ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு நாள் 4 மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். கிரெலின் 28% கூடியது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18% குறைந்தது. இனிப்பு, நொறுக்குத்தீனி, மாவுப்பண்டம் மேல்தான் ஆசை அதிகம் போனது.

7/ அது ஷிப்ட் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு இல்லை. ஆனால் நாலு பேர் தங்கும் ரூம், ஜன்னல் வெயில், அடுத்த ஷிப்ட் நண்பரின் அலாரம்... பகலில் உங்களுக்குக் கிடைப்பது எத்தனை மணி நேரத் தூக்கம்? கணக்குப் போட்டுப் பாருங்க.

8/ என்ன செய்யலாம்?
• ஜன்னலுக்குத் தடித்த துணி, போன் சைலன்ட், 7 மணி நேரத் தூக்கம்.
• சாப்பாட்டு நேரத்தை முடிந்தவரை மாற்றாதீங்க. கிரெலின் நேரம் பழகிய ஆள்.
• டீ, பன்னோடு நிறுத்தாமல் முட்டை, சுண்டல் சேருங்க. புரதம் பசியை அதிக நேரம் அடக்கும்.
• சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்க.

9/ ஹெச்ஆர், கேன்டீன் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரவுச் சாப்பாட்டில் ஒரு முட்டையோ சுண்டலோ சேருங்கள். ஹாஸ்டலில் நைட் ஷிப்ட்காரர்களுக்குத் தனி அறை ஒதுக்குங்கள். தூக்கத்தைக் கொடுக்காமல் "உடம்பைக் குறை" என்று சொன்னால் எப்படிக் குறையும்?

நைட் ஷிப்ட் போகும் நண்பர்களுக்குப் பகிருங்கள்.