காயல்பட்டினத்துப் பெரும்பள்ளி

பொருநை கடலொடு கலக்கும் பகுதியில் துறைமுகங்கள் இடம்பெயர்ந்த வரலாற்றை அறிஞர் நன்கறிவர். கொற்கையைக் கடல் விட்டகன்றபின் காயல் சிறந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கூறிய, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய காயல், இன்றைய பழையகாயலே எனக் கால்டுவெல் துணிந்தார். அதற்குத் தெற்கே உள்ளது காயல்பட்டினம்.

இவ்வூர்ப் பள்ளிவாசல்கள் இன்றும் தொழுகை நடைபெறுவன. ஆதலின் மக்கள் பெருகுந்தோறும் அவை விரிக்கவும் புதுக்கவும் பெற்றன. சுவரின் புதுமை கண்டு பள்ளியின் தொன்மையை மறுத்தல் பொருந்தாது. கல்வெட்டே ஈண்டுச் சான்றாம்.

இவ்வூர்க் கல்வெட்டொன்று, பள்ளியொன்று மன்னன் பெயரால் ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என வழங்கப்பெற்றதைக் காட்டுகின்றது. இவ்வழக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தை ‘இராசராசப் பெரும்பள்ளி’ எனச் சிறிய லெய்டன் செப்பேடு கூறும். பௌத்தர் பள்ளிக்கு வழங்கிய அதே சொல்லும், வேந்தன் பெயரிடும் அதே மரபும், பின்னர் முசுலிம்களின் பள்ளிக்கும் உரியவாயின. வணிகராய் வந்தோர் நாட்டு மக்களாய் நிலைத்தமையை இப்பெயர் ஒன்றே உணர்த்தும்.

புதுக்குதல் குறையன்று, எழுத்துடைய கல்லைப் படிக்கல்லாக்குதலே குறை. பணி தொடங்குமுன் மைப்படி எடுத்தல் ஆய்வு மாணவர் கடனாகும்.