வலிக்காத கால்

மூன்று வருடங்களுக்கு முன்பு பாட்டியின் வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். காலண்டர் மாட்டியிருந்த ஒரு சின்ன பின் தரையில் விழுந்து, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தவரின் விரலில் ஏறியிருக்கிறது. இரண்டு நாள் அதோடேயே நடமாடியிருக்கிறார். மூன்றாம் நாள் அம்மா தரையில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குத் திட்டினோம். பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "வலிச்சா சொல்ல மாட்டேனாய்யா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டு, அப்புறம் நிரை நிரையாக மரங்கள். பெரும்பாலும் வெறுங்கால்தான். "சேத்துல செருப்பு போட்டா வழுக்கும். எங்க காலுத் தோலுக்கு முள்ளே இறங்காது" என்பார். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். ஆனால் தோட்டத்து வெறுங்காலுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது.

கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாகவே உடம்புக்குள் நுழையும். கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1898-இல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். புழுக்குஞ்சுகள் இருந்த நீர் அவர் கையில் சிந்தியது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஒரு குழு மலாயாவில் இந்தப் புழுவை ஆராய்ந்தது. தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமா கால்வாய் வெட்டிய காலத்தில் அங்கே வேலை செய்த மருத்துவர். அவர்களுடைய அறிக்கை 1920-இல் வெளிவந்தது. புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். ஆள் சோகை பிடித்துச் சோர்ந்துபோவார். அமெரிக்கப் பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பேறிக் கிருமி' என்று பேர் வைத்தன. ஒழுங்கான கக்கூசும் ஒரு ஜோடி செருப்பும் இல்லாததால் வந்த சோர்வு, உழைப்பவனின் குணமாகக் கணக்கெழுதப்பட்டது.

பாட்டியின் கேள்விக்கான பதில் அங்கே இல்லை. அது வேலூரில், தொழுநோயாளிகளின் பாதங்களில் இருந்தது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி குடும்பத்துப் பிள்ளை. 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் உதிரும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளைக் கவனித்துப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார். சதையில் கோளாறு இல்லை, நரம்பு செத்துவிட்டது. வலி தெரியாததால் அவர்கள் கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுகிறார்கள், புண்ணோடு மைல் கணக்கில் நடக்கிறார்கள். நமக்குக் கால் வலித்தால் நம்மை அறியாமலே எடையை அடுத்த காலுக்கு மாற்றுவோம், கொஞ்சம் நொண்டுவோம். அவர்கள் நொண்டுவதில்லை. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும்.

மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் உடையும். ஒவ்வொரு வளைவும் சின்னதுதான், எண்ணிக்கைதான் கொல்லும். பாதமும் அப்படித்தான். அழுத்தம் என்பது விசையை பரப்பளவால் வகுத்தால் வருவது. எடையைக் குறைக்க முடியாதென்றால் பரப்பைக் கூட்ட வேண்டும்.

வேலூரில் அதற்குக் கிடைத்த பொருள் ரப்பர். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர். மிதித்தால் பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கி எடையைப் பரப்பிக் கொடுக்கும். அதில் செய்த செருப்பில் ஆணி அடிக்கக் கூடாது. ஒட்ட வேண்டும், தைக்க வேண்டும். ஆணி குத்தினாலும் போட்டவருக்குத் தெரியாதே.

அந்த ரப்பர் பேராக்கிலிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் வம்சம்தான். அதில் வந்த கன்றுகளை 1877-இல் கோலகங்சாரில் நட்டார்கள். பாட்டி வெறுங்காலோடு வெட்டிய மரமும் அந்த வம்சமாகத்தான் இருக்க வேண்டும்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய்ப் பாதத்துக்கும் நீரிழிவுப் பாதத்துக்கும் ஒரே சிகிச்சை முறை பொருந்தும் என்பது அங்கே உறுதிப்பட்டது. இனிப்பு நீர் பல வருடங்களில் நரம்பைக் கெடுக்கும். நீளமான நரம்புகள் முதலில் போகும், அதனால்தான் பாதம். ரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாது. இன்று கிளினிக்கில் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் நைலான் இழையின் அளவும் கார்வில் ஆய்வில் தேறியது. 10 கிராம் விசையில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் காவல்காரன் போய்விட்டான் என்று அர்த்தம்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. சனங்கள் டவுனுக்கு வந்தார்கள். நடை குறைந்தது, சீனி குறையவில்லை. வெறுங்காலும் அதன் பெருமையும் மட்டும் கூடவே வந்தன.

பாட்டிக்கு வீட்டுக்குள் சிலிப்பர் போட வைப்பதே பெரிய போராட்டம். "சாமி ரூம்ல செருப்பா?" என்பார். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று போன வருடம் அடம். மத்தியானத் தார்ரோடு பாதத்தைப் பொசுக்கினாலும் அவருக்குத் தெரியாது. கடைசியில் ஒரு சமரசம்: விடியும் முன்பே போவது, கோயில் வாசல் வரை செருப்பு, உள்ளே போய் வந்ததும் பாதம் பார்ப்பது.

இப்போது தினமும் இரவு அவர் காலை என் மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். விரல் இடுக்கு, குதிகால், வெடிப்பு. காலை வெந்நீரில் ஊற வைப்பதை நிறுத்தியாச்சு. செருப்பை உதறிவிட்டுத்தான் போடுகிறார். "என்னய்யா பொண்ணு பாக்கிற மாதிரி பாக்கிற" என்று சிரிப்பார்.

"வலிக்குதா பாட்டி?" என்று நான் கேட்பதில்லை. அவர் கால் சொல்லாததை என் கண்தான் பார்க்க வேண்டும்.