திரும்பி வராத மருத்துவர்

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் தமிழ் மக்களாகிய நாம், சொந்த ஊர் செல்லப் புகைவண்டி ஏறுங்கால், வழியில் சோலாப்பூர் என்னும் நிலையத்தைக் காண்கின்றோம். சென்னை செல்லும் வண்டிகளிற் பல அங்கு நின்றே செல்லும். சோலாப்பூர்ப் போர்வை நம் இல்லங்களில் இல்லாமலில்லை. ஆயினும், அவ்வூரிற் பிறந்து, நம் அண்டையிலுள்ள பரேலில் மருத்துவம் பயின்று, சீன நாட்டில் உயிர் நீத்த ஒரு பெருந்தகையை நம்மிற் பலர் அறியோம். அவரே டாக்டர் துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ். பிழைப்பை நாடிப் பிற மொழியார் நடுவே வந்து வாழும் நமக்கு, தொண்டை நாடிப் பிற மொழியார் நடுவே சென்று வாழ்ந்த அவருடைய வரலாறு எண்ணத்தக்கதாகும்.

கோட்னிஸ் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். செல்வக் குடியன்று; நடுத்தரக் குடியே. துணியாலைகள் நிறைந்த அவ்வூரிலிருந்து, அந்நாளில் பம்பாய் எனப்பட்ட இம் மாநகருக்கு மருத்துவம் பயில வந்தார். அவர் சேர்ந்தது பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி. 1926-இல் கே.இ.எம். மருத்துவமனையுடன் தொடங்கப்பெற்ற கல்லூரி அது. வெள்ளையர் ஆட்சி நடந்த அக்காலத்தில், அங்கு ஆசிரியராக அமர்வோர் இந்தியராகவே இருத்தல் வேண்டும் என்பது கொடையாளர் விதித்த நிபந்தனை. நம்மவரும் எவர்க்கும் தாழாது மருத்துவம் கற்பிக்க வல்லர் என்று காட்டவே அக்கல்லூரி எழுந்தது எனலாம். மாதுங்காவிலிருந்து இரண்டே நிலையங்கள். இன்றும் நம் குடும்பத்தார் நோயுற்றால் நாடிச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று.

1937-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானியப் படை சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தது. காயமுற்றோர் எண்ணிலர், மருத்துவரோ மிகச் சிலர். சீனப் படைத்தலைவர் சூ தே, மருத்துவரை அனுப்பியுதவுமாறு ஜவாஹர்லால் நேருவுக்கு எழுதினார். 1938-இல் காங்கிரசுத் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் நாட்டு மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். நாமே அடிமைப்பட்டிருந்த காலம் அது. எனினும், மக்கள் தந்த சிறு தொகைகள் சேர்ந்து சுமார் 22,000 ரூபாய் ஆயிற்று. அலகாபாத்திலிருந்து அடல், நாகபுரியிலிருந்து சோல்கர், கல்கத்தாவிலிருந்து பாசுவும் முகர்ஜியும், சோலாப்பூரிலிருந்து கோட்னிஸ் என மருத்துவர் ஐவர் முன்வந்தனர். கோட்னிசுக்கு அப்போது வயது 27. மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளைஞர் அவர். சீன நாட்டைப்பற்றி அவர் குடும்பத்தார் அறிந்ததெல்லாம், தெருவிற் பட்டு விற்க வரும் சீன வணிகரைக் கண்டதோடு சரி. மகன் நெடுந்தொலைவு செல்கின்றானே எனத் தாய் வருந்தினார். ஆயினும் மகனைத் தடுக்கவில்லை.

1938 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் இம் மாநகரத்துத் துறைமுகத்தினின்று கப்பலேறிய ஐவரும், அம்மாதமே சீனத்துக் காண்டன் நகரை அடைந்தனர். போர் அவர்களைத் துரத்தியது; அவர்கள் பின்வாங்கவில்லை. ஊர் ஊராகக் கடந்து, 1939 பிப்ரவரியில் வடமேற்கே மலைகள் சூழ்ந்த யெனானை அடைந்தனர். ஐவரும் தத்தம் பெயரின் சீன வடிவோடு ‘ஹுவா’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டனர். அச்சொல் சீனத்தைக் குறிப்பது. நம் கோட்னிஸ் அங்கே ‘கே டிஹுவா’ ஆனார்.

சீனத்தில் இருந்தபோதுதான் அவருடைய தந்தையார் இறந்த செய்தி வந்தது. இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஊரிலிருந்து தந்தி வந்த நாள்களை நம் முதியோர் அறிவர். கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, நெரிசல் வண்டியில் இரவும் பகலும் நின்றுகொண்டே சென்று, இறுதிக் கடனுக்கும் பிந்தி வீடு சேர்ந்தவர் நம்மில் இல்லாத தெருவுண்டோ? நண்பர்கள் கோட்னிசையும் ஊர் திரும்புமாறு வேண்டினர். அவர் திரும்பவில்லை. துயரின்றி இருந்தார் என்று எவரும் எண்ணற்க. காயமுற்றோர் அவர்முன் கிடந்தனர். விட்டுச் சென்றால் அவ்விடத்தில் நிற்க வேறொருவர் இலர். மகனுடைய கடனும் மருத்துவனுடைய கடனும் எதிரெதிர் நின்றபோது, அவர் பின்னதைத் தேர்ந்தார். இது சரியோ தவறோ என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. அத் தேர்வின் விலை எவ்வளவு என்பதை மட்டும், தொலைவில் வாழும் நாம் பிறரினும் நன்கறிவோம்.

பின்னர் அவர் போர்முனைக்கே சென்றார். வடசீனத்து மலைப்பகுதியில் மருத்துவமனை என்பது கற்கட்டடமன்று. சிற்றூரின் மண்வீடும் கோயிற் கூடமுமே மருத்துவமனை. பகைவர் நெருங்கினால் நோயாளிகளோடு இடம் பெயர்தல் வேண்டும். மருந்தும் கருவியும் என்றும் பற்றாக்குறை. 1940-இல் ஒரு போரின்போது 72 மணி நேரம் கண்ணுறங்காது அறுவை செய்தார் என்றும், 800-க்கும் மேற்பட்டோர்க்கு மருத்துவம் பார்த்தார் என்றும் அவர் வரலாறு கூறும். அப்பகுதியில் அவர்க்கு முன் தொண்டாற்றியவர் கனடா நாட்டு அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன். அறுவை செய்கையில் விரலிற் பட்ட காயம் நஞ்சாகி, 1939 நவம்பரில் அவர் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் தலைவராக 1941 ஜனவரியில் கோட்னிஸ் அமர்த்தப்பெற்றார். மருத்துவம் பார்த்ததோடு அமையாது, சீன மாணவர்க்குப் பாடமும் நடத்தினார்.

பாடம் நடத்தினார் எனின், எம்மொழியில்? சீன மொழியில். பேசவும் படிக்கவும் எழுதவும் அவர் அதனைக் கற்றுக்கொண்டார். நோயாளி தன் வலியைத் தன் மொழியிற் கூறும்போதுதான் மருத்துவன் முழுதும் அறிதல் கூடும். இந்நகரின் மராத்தி மொழியை ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் கடைவீதி அளவோடு நிறுத்திக்கொண்ட நம்மிற் சிலர், இதனை உளங்கொள்வாராக. தாய்மொழியைப் போற்றுதல் வேறு. அண்டையார் மொழியைப் புறக்கணித்தல் வேறு. கோட்னிஸ் தம்மை இந்தியர் என்பதை ஒருநாளும் மறைத்திலர். எனினும் சீன மக்கள் அவரைத் தம்மவர் என்றே கொண்டனர்.

பெத்யூன் நினைவிடத் திறப்பு நிகழ்ச்சியிலேதான் குவோ சிங்லான் என்னும் நங்கையை அவர் சந்தித்தார். அம்மையார் செவிலியர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. இந்திய மருத்துவர் சீன மொழியிற் பேசக் கேட்டு அவர் வியந்தாராம். இருவரும் 1941-ஆம் ஆண்டின் இறுதியில் மணம் புரிந்தனர். 1942 ஆகஸ்டு 23-இல் ஆண்மகவு பிறந்தது. குழந்தைக்கு ‘இன்ஹுவா’ எனப் பெயரிட்டனர். ‘இன்’ என்பது இந்தியா. ‘ஹுவா’ என்பது சீனம். இரு நாடும் ஒரு தொட்டிலில் உறங்கின.

ஆனால் அவ்வின்பம் நீடிக்கவில்லை. ஓய்வற்ற உழைப்பும் கடுமையான வாழ்வும் உடலை அரித்தன. வலிப்பு நோய் அவரைப் பற்றியது. ஓய்வு கொள்ளுமாறு பிறர் வேண்டியும், அவர் பணியை விட்டாரில்லை. 1942 டிசம்பர் 9-ஆம் நாள், தம் 32-ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. மகனுக்கு நான்கு மாதமும் நிறையவில்லை. உடன் சென்ற நால்வரும் தாயகம் திரும்பினர். அவர் ஒருவரே திரும்பவில்லை.

அவர் புகழ் முதலில் இந்நகரிலேயே பரவியது எனலாம். குவாஜா அகமது அப்பாஸ் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். வி. சாந்தாராம் 1946-இல் அதனைப் படமாக்கி, தாமே கோட்னிசாக நடித்தார். அவருடைய ராஜ்கமல் கலாமந்திர் இருந்ததும் பரேலிலேயே. சீனம் 1982-இலும், இந்தியா 1993-இலும் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டன. சோலாப்பூரில் அவருக்கு நினைவகம் உண்டு. 1962-இல் இரு நாடுகளும் போரிட்டன, பகைமை வளர்ந்தது. அதன் பின்னும் சீனத் தலைவர்கள் இந்தியா வருங்கால் கோட்னிஸ் குடும்பத்தாரைக் கண்டு வணங்கிச் செல்லும் வழக்கம் அழியவில்லை. அரசுகள் அறுத்த நூலை ஒரு மருத்துவரின் நினைவு அறாமற் காத்தது.

மகன் இன்ஹுவாவும் தந்தையின் வழியில் மருத்துவமே பயின்றான். பட்டம் பெறுமுன் 1967-இல் அவனும் மறைந்தான். கணவனையும் மகனையும் இழந்த குவோ சிங்லான் அம்மையார், இந்தியாவுக்குப் பலமுறை வந்து கணவரின் உற்றாரோடு உறவு பேணினார், 2012-இல் காலமானார். தொண்டரை நாம் பாராட்டுகின்றோம். தொண்டரின் இல்லத்தார் செலுத்தும் விலையை எண்ணுவார் சிலரே. சோலாப்பூரிற் காத்திருந்த தாயும், மலைச் சிற்றூரிற் கைக்குழந்தையோடு நின்ற மனைவியும் அவருடைய தொண்டிற் பங்குடையவரே அல்லரோ?

நம் காலனியிலும் இன்று மருத்துவம் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். தாராவியின் சந்துகளில் மருத்துவரை எதிர்நோக்கும் எளியோரும் பலர் உளர். சீனத்திற்குச் செல்ல வேண்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரயில் பாலத்தைக் கடந்தாற் போதும். பரேலில் பயின்ற அந்த இளைஞர் கடல் கடந்து சென்ற வழியில், நம் பிள்ளைகள் தெருவையேனும் கடப்பாராக. அதுவே இவ்வாண்டு விழா நாளில் நாம் அவர்க்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.