க்ளெமான் மரோ திட்டமும் நாந்த் வானமும்

க்ளெமான் மரோ என்றால் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் செட்டுக்கு ஒரு கவிஞர். முதலாம் பிரான்சுவா மன்னரின் அரசவையில் இருந்தவர். மதச் சண்டையில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடி, 1544-ல் இத்தாலியில் தூரின் நகரத்தில் இறந்தார். முசியே இந்த வருடத்தைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். அப்படிப்பட்டவரின் பெயரைப் பிரெஞ்சு அரசாங்கம் பின்னாளில் ஒரு ராணுவத் திட்டத்துக்கு வைத்தது. நாட்டின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைக்கு வராமல் போனால், அவர்கள் நாற்காலியில் ராணுவத்தார் உட்கார்ந்து வேலையை நடத்துவதற்கான திட்டம் அது. பாவம், கவிஞருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நம் ஊரில் சொல்தா பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் அதிகம் என்பதால், பிரெஞ்சு ராணுவத்தை நான் குறை சொல்லப்போகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். உட்காரச் சொன்ன இடத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். கேள்வி, உட்காரச் சொன்னவர்களைப் பற்றியது.

1973 பிப்ரவரி 20-ம் தேதி கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 1964-ம் வருடச் சட்டத்தின்படி அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது. அதை மீறித்தான் இறங்கினார்கள். அப்போது பொம்பிதூ ஜனாதிபதி. மார்ச் 4-ம் தேதி பாராளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று. தேர்தல் நேரத்தில் வானம் வெறிச்சோடிக் கிடந்தால் எந்த அரசாங்கத்துக்கும் மானக்கேடுதான். மரோ திட்டம் அமலுக்கு வந்தது.

இந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு. அதில் விமானத்தின் அழைப்புப் பெயர், உயரம், எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்ற விவரம். அவற்றைப் பலகையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் உண்மையான வேலை பலகையில் நடப்பதில்லை, தலைக்குள் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு விமானங்களின் இப்போதைய இடத்தையும், இன்னும் பத்து நிமிஷத்தில் அவை இருக்கப்போகும் இடத்தையும் ஒரே படமாக மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ரேடியோவில் ஒருவர் கூப்பிடுவார், டெலிபோனில் பக்கத்துப் பகுதிக்காரர் கூப்பிடுவார். படம் ஒருமுறை கலைந்தால் மறுபடி கட்ட நேரம் பிடிக்கும். ஒரு ஜெட் விமானமோ அதற்குள் நிமிஷத்துக்குப் பதின்மூன்று பதினான்கு கிலோமீட்டர் போய்விடும். எந்தப் பாதையில் எந்த நேரம் நெரிசல், எந்த இடத்தில் ரேடியோ சரியாகக் கேட்காது என்பதெல்லாம் ஒரே பகுதியில் வருடக்கணக்காக உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

ராணுவ ராடார்காரர்களின் அன்றாட வேலை வேறு மாதிரியானது. எதிரி விமானத்தைக் கண்டுபிடித்து, நம் போர் விமானத்தை அதன் அருகில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிவில் வேலையில் இரண்டு விமானங்களை ஒன்றுக்கொன்று கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவி ஒன்றாக இருக்கலாம், பழக்கம் வேறு.

மார்ச் 5, திங்கட்கிழமை. தேர்தலுக்கு மறுநாள். ஸ்பெயினிலிருந்து இரண்டு விமானங்கள் லண்டன் நோக்கிப் புறப்பட்டன. ஒன்று பால்மா தெ மயோர்க்காவிலிருந்து கிளம்பிய இபேரியா கம்பெனியின் டி.சி.-9, அதில் 68 பேர். மற்றது மாட்ரிட்டிலிருந்து வந்த ஸ்பாந்தாக்ஸ் கம்பெனியின் கான்வேர் கொரோனாடோ. அதில் 107 பேர். இரண்டும் நாந்த் நகரத்தின் வழிகாட்டு நிலையத்துக்கு மேலாகப் போக வேண்டும். இரண்டுக்கும் கொடுக்கப்பட்ட உயரம் ஒன்றே, 29,000 அடி. போய்ச் சேரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே.

இதைக் கவனித்ததும் ஒரு விமானத்தை மேலேயோ கீழேயோ அனுப்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல், கொரோனாடோவின் நேரத்தைத் தள்ளி வைத்தார்கள். நாந்துக்கு மேலே கிரீன்விச் நேரப்படி சரியாக 13:00 மணிக்கு வா என்று உத்தரவு. காகிதத்தில் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் அந்த உயரத்தில் பறக்கிற ஜெட் விமானம், மாட்டு வண்டியைப் போல வேகத்தைக் குறைத்துக்கொண்டு போக முடியாது. கொஞ்சம் குறைக்கலாம், அதற்கு மேல் நேரத்தைக் கழிக்க வேண்டுமென்றால் வட்டமடிக்க வேண்டும். வட்டமடிக்க அனுமதி வேண்டும்.

அனுமதி கேட்கப் போன இடத்தில்தான் விஷயம் கெட்டது. தெற்குப் பகுதியைப் பார்த்துக்கொண்ட ராணுவ மையத்தின் அழைப்புப் பெயர் மரீனா (நம் மெட்ராஸ் கடற்கரை இல்லை). அடுத்து பிரெத்தாஞ்யைப் பார்த்துக்கொண்ட மையத்தின் பெயர் மெனீர். அங்கே ஆதிகாலத்து மக்கள் நட்டு வைத்த நெடுங்கல்லுக்கு அந்தப் பெயர். இந்த இரண்டு மையங்களுக்கும் நடுவில் கொரோனாடோ கைமாறிய நேரம் அது. விமானி கூப்பிட்டுப் பார்த்தார், தெளிவான பதில் இல்லை. கடைசியில் அனுமதி கிடைக்காமலேயே திரும்பத் தொடங்கினார். சுற்றிலும் மேகம். 12:52-க்கு இரண்டும் மோதின.

டி.சி.-9 நாந்துக்குத் தெற்கே லா பிளான்ஷ் கிராமத்துப் பக்கம் சிதறி விழுந்தது. 68 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் மேனேஜராக இருந்த மைக்கேல் ஜெஃப்ரியும் அதில் இருந்ததால், எங்கள் வயது இங்கிலீஷ் பாட்டு ரசிகர்கள் சிலருக்கு இந்த விபத்து ஞாபகம் இருக்கலாம். கொரோனாடோவுக்கு இடது இறக்கையின் வெளிப்பகுதி பிய்ந்துபோனது. அந்த நிலையிலும் விமானி அதைக் கோன்யாக் ராணுவ விமானத்தளம் வரை கொண்டுபோய் இறக்கினார். 107 பேரும் பிழைத்தார்கள். ஒரே மோதலில் ஒரு பக்கம் அத்தனை பேரும் சாவு, மறுபக்கம் அத்தனை பேரும் பிழைப்பு. விதி என்று சொல்வதா, விமானியின் கை என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் பல பிரான்சின் வானத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போயின. விசாரணை அறிக்கை விமானியை அடியோடு விட்டுவிடவில்லை. அனுமதி வராமல் திரும்பியதையும் சொன்னது. ஆனால் முதல் காரணமாகக் காட்டியது அந்த ஒரே உயரத்தையும், நேரத்தை வைத்துப் பிரிக்கும் வழியையும்தான். அந்த வழிக்கு மிகத் துல்லியமான பயணக் கணக்கோ, முழுமையான ராடார் பார்வையோ வேண்டும். அன்று இருந்த ஏற்பாட்டில் அது நடக்கிற காரியமில்லை என்பதுதான் சாரம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு நகர்த்தியவன். ஒரு அலுவலகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து எங்கள் மேசைகளில் உட்கார வைத்தார்கள். கெட்டிக்காரர்கள்தான். கோப்புகள் நகரவும் செய்தன. ஆனால் ஒரு விதவையின் பென்ஷன் கோப்பு, ஒரு மேசையிலிருந்து கிளம்பி அடுத்த மேசைக்கு வராமல் ஏழு மாதம் நடுவில் கிடந்தது. "அனுப்பிவிட்டேன்" என்றார் ஒருவர், "வரவில்லை" என்றார் இன்னொருவர். இரண்டுமே உண்மை. அங்கே அந்த அம்மாள் ஏழு மாதம் காத்திருந்தார். நாந்தில் எட்டு நிமிஷம்கூடக் காத்திருக்க வழியில்லை.

1981 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் இதே போல் நடந்தது. ஜனாதிபதி ரீகன் 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை வேலையை விட்டு நீக்கிவிட்டு, மேற்பார்வையாளர்களையும் ராணுவத்தாரையும் உட்கார வைத்தார். அந்த டிஸ்மிஸை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு காரியம் சரியாகச் செய்தார்கள்: ஆள் குறைந்ததும் பறக்கும் விமானங்களையும் வெகுவாகக் குறைத்தார்கள். வேலைநிறுத்தம் இல்லாத நாளிலும் இந்தக் கணக்கு தப்பலாம். 2002 ஜூலை 1-ம் தேதி இரவு, சூரிக் மையத்தில் ஒரே ஒருவர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன் இணைப்பும் பராமரிப்பில் இருந்தது. ஊபர்லிங்கன் மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். இவையெல்லாம் மோதியதால் நமக்குத் தெரிந்தவை. மயிரிழையில் விலகிப் போனவை ஏதோ ஒரு கோப்பில் இரண்டு பக்க அறிக்கையாகக் கிடக்கும்.

பிரான்சில் 1964-ம் வருடத் தடைச் சட்டம் 1984 டிசம்பர் 31-ல் நீக்கப்பட்டது. கட்டுப்பாட்டாளர்களுக்கு வேலைநிறுத்த உரிமை திரும்பக் கிடைத்தது. கூடவே, குறைந்தபட்சச் சேவையை மட்டும் நடத்த வேண்டும் என்ற விதியும் வந்தது. அதனால்தான் இன்று அங்கே 'கிரேவ்' என்றால் முதல் வேலையாக, இத்தனை சதவீத விமானங்களைக் குறையுங்கள் என்று கம்பெனிகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பாரீசிலிருந்து வரவேண்டிய பிள்ளையின் விமானம் ரத்து என்று போனில் கேட்டதும் நம் ஊர்ப் பெரியவர்கள் திட்டுவதை நானும் கேட்டிருக்கிறேன். போன தடவை என் வீட்டில் திட்டியபோது இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, நாளைக்கே வரட்டும்" என்றாள்.