டெல்லி பெயரில் ஒரு நொதி

2008 ஜனவரி. டெல்லியில் சிகிச்சை பெற்று சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில் ஒரு கிருமி பிடிபட்டது. வேறு மருந்து பலிக்காதபோது மருத்துவர்கள் நம்பும் கார்பபெனம் மருந்துகளையே சிதைக்கும் நொதி அதில் இருந்தது. 2009-இல் அந்த நொதிக்கு ‘நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்’, சுருக்கமாக என்.டி.எம்-1, என்று பெயரிட்டார்கள். ஊர்ப் பெயர் வைப்பது அந்தத் துறையின் வழக்கம். வெரோனா, சாவோ பாவ்லோ பெயர்களிலும் இதே வகை நொதிகள் உண்டு.

அடுத்த அத்தியாயம் தென்சென்னையில். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை, 2010 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழில் வெளியானது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் இந்த நொதி இருந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று டெல்லியில் கொதித்தார்கள். 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், அந்தப் பெயர் பிழை என்று மன்னிப்புக் கேட்டார்.

பெயர் வைத்தவர்களிடம் இனவெறி இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயர் திசை திருப்பியது. இந்த நொதியை உருவாக்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். பயணியின் குடலிலேயே கண்டம் கடக்கும். அதை ஒரே ஊரின் தலையில் கட்டியதும், பேச்செல்லாம் மானப் பிரச்சினையாகிவிட்டது. அதே 2011-இல் டெல்லியின் குடிநீர் மாதிரிகளிலேயே அந்த மரபணு கிடைத்தது. கோபப்பட வேண்டியது அதற்குத்தான்.

நோய்களுக்கு ஊர்ப் பெயர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. 2021 மே இறுதியில் கொரோனாவின் ‘இந்திய உருமாற்ற வைரஸ்’ டெல்டா ஆனது. நொதி மட்டும் இன்றும் டெல்லி பெயரோடுதான் இருக்கிறது.

ஊர்ப் பெயர் மருந்தாகவும் ஆகலாம். 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ‘சென்னைப் பிரகடனம்’ உருவாக்கின. 2014 மார்ச்சில், பல ஆன்டிபயாடிக்குகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் ‘அட்டவணை எச்1’ விதி அமலுக்கு வந்தது. சிவப்புக் கட்டமிட்ட அந்த மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு காக்க வேண்டும்.

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ மருந்துக்கடையில் நிற்கும்போது, ‘சளிக்கு ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்க’ என்று கேட்காதீர்கள். சீட்டில் எழுதியதை மட்டும் வாங்குங்கள். டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.